சட்டம் படிப்பித்த பெண்கள்

நமது பாடசாலை தொடங்கிய காலத்தில் இலங்கையில் ஒரு பெண் சட்டத்தரணியாக முடியாது. விருப்பமில்லை, வழக்கமில்லை என்பதல்ல. சட்டமே இடம் தரவில்லை. அன்று இந்தத் தொழில் அப்புக்காத்து, பிறக்கிராசி என இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டும் ஆண்களுக்கே உரியவை. கொழும்பில் சட்டக் கல்வி 1874 இலேயே ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தும், பெண்களுக்கான கதவு 1933 இல்தான் திறந்தது. அவ்வாண்டின் 25ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பெண் என்ற ஒரே காரணத்தால் எவரையும் சட்டத்தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்றது. இங்கிலாந்தில் இது 1919 இலும், இந்தியாவில் 1923 இலும் நடந்துவிட்டது. கொழும்பில் பிறந்த பார்சிப் பெண்ணான அவாபாய் மேத்தா 1934 இல் லண்டனில் பாரிஸ்டர் பரீட்சையில் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து சென்று அப்பரீட்சையில் தேறிய முதற் பெண் அவர்தான். பின்னாளில் அவாபாய் வாடியா என்ற பெயரில் இந்தியக் குடும்பத் திட்டச் சங்கத்தை நிறுவியவரும் அவரே.

நூற்றாண்டு மலருக்கு ஊர்ச் சரித்திரம் எழுதும்படி கேட்டார்கள். பள்ளிவாசல்கள், கைத்தறி, வாவி பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் வேறொரு சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் ஊர் கேட்கும் முதற் கேள்வி, "கோட்டுக்குப் போய் வாதாடப் போறியா மகள்?" என்பதுதான். அதற்கு "இல்லை, படிப்பிக்கப் போறன்" என்ற ஒரு பதிலும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. அந்தப் பதிலின் சரித்திரம்தான் இது.

முதலில் ஊரைப் பார்ப்போம். காத்தான்குடிப் பெண்ணின் வாழ்க்கையில் சட்டம் எங்கோ தூரத்தில் இருக்கும் பொருளல்ல. அவள் குடியிருக்கும் வீட்டிலேயே அது தொடங்குகிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இந்த நெருக்கமான ஊரில் மகளுக்கு வீடு கொடுப்பது கடமை. உம்மாவின் வளவைப் பிரித்து மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். குடி என்னும் தாய்வழி உறவு மட்டக்களப்புக் கரையோரத்தில் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் ஒன்றுபோலவே இருப்பதை மானிடவியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கரான டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி ஆய்வு செய்து 2008 இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அதற்கு நூற்றாண்டுக்கு முன்பே, 1876 இல், பிரிட்டோ என்பவர் முக்குவர் சட்டம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். முதுசொம், தேடியதேட்டம் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும் சொற்கள் அந்த வழக்காற்றிலும் உண்டு.

வீட்டுக்கு அடுத்தது கலியாணம். கடுத்தம் எழுதுவதும், மஹர் குறிப்பதும், வலி கையொப்பமிடுவதும் நமக்குப் பழகிய காட்சிகள். ஆனால் அவற்றின் பின்னாலுள்ள எழுத்துச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை. டச்சுக்காரர் தம் ஆட்சிக்கு உட்பட்ட கீழைத்தேயங்களில் தொகுத்து வைத்திருந்த விதிகளைத் தழுவி, பிரித்தானியர் 1806 இல் முகம்மதியர் சட்டக்கோவையை வெளியிட்டனர். அதைப் பார்த்துத் திருத்தி ஒப்புக்கொண்டவர்கள் கொழும்புப் பகுதி முஸ்லிம் தலைவர்கள். 1852 இல் அது நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. கிழக்குக் கரையில் இருந்த நம் மூதாதையரிடம் யாரும் வந்து கேட்டதாகத் தெரியவில்லை. மூதாட்டிகளிடம் கேட்டிருப்பார்கள் என்று எண்ணவே இடமில்லை. பின்னர் 1929 இல் விவாகப் பதிவுக்கும் காதிமாருக்கும் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1931 இல் முஸ்லிம் வாரிசுரிமைக்கு இன்னொன்று. இன்று நடைமுறையிலுள்ள முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951 இன் 13ஆம் இலக்கமானது.

இந்த 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு வாசகங்களை நம் பிள்ளைகள் நேரில் வாசித்துப் பார்க்க வேண்டும். 12ஆம் பிரிவின்படி காதியாக நியமிக்கப்படுபவர் நற்பண்பும் தகுதியும் கொண்ட முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும். அவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இன்னொரு பிரிவு, காதியின் முன் நடக்கும் விசாரணையில் சட்டத்தரணிகள் தோன்றுவதைத் தடுக்கிறது. ஆக, தாபரிப்புக்காகவோ பஸ்கு விவாகரத்துக்காகவோ ஒரு பெண் காதி நீதிமன்றப் படியேறினால், தீர்ப்பளிக்கும் கதிரையில் பெண் இருக்க முடியாது. அவளுக்காகப் பேசச் சட்டம் படித்த பெண்ணும் எழுந்து நிற்க முடியாது. 1933 இல் திறந்த கதவால் நுழைந்து பட்டமும் கறுப்பு அங்கியும் பெற்று ஊருக்குத் திரும்பி வந்தவளுக்கு, ஊர்ப் பெண்களின் வழக்குகள் மிகுதியாக நடக்கும் அந்த ஓர் இடத்தில் வேலையில்லை.

சட்டம் தெரிந்த பெண் அப்படியானால் எங்கே நின்று பேசுவது? இங்குதான் விரிவுரை மண்டபம் வருகிறது. சட்டத்தைக் கற்பிக்கவும், அதைப் பற்றி நூல் எழுதவும், அது சரியா பிழையா என்று பெயர் போட்டுச் சொல்லவும் பெண்ணுக்குத் தடையிட்ட பிரிவு எதுவும் நம் சட்டப் புத்தகத்தில் இல்லை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தோன்றியது. அதில் சட்டத்துறை ஐந்தாண்டு கழித்து, 1947 இல் சேர்ந்தது. அதுவரை சட்டம் என்றால் சட்டக் கல்லூரி, பரீட்சை, தொழில் என்ற ஒரே வழிதான். பல்கலைக்கழகம் அதை ஒரு கல்வித்துறையாகப் பார்த்தது: இந்த விதி எங்கிருந்து வந்தது, ஏன் இப்படி இருக்கிறது, யாருக்கு இது பாதகம் என்ற கேள்விகள் அங்கே பாடமாயின. துறை பின்னர் பேராதனைக்கு நகர்ந்து, 1960களின் நடுப்பகுதியில் மீண்டும் கொழும்புக்கு வந்து தனிப்பீடமாயிற்று. அக்காலத்துப் பேராசிரியர்களுள் தமிழரான தம்பையா நடராஜா முக்கியமானவர். இலங்கைச் சட்ட முறைமையின் சரித்திரப் பின்னணி பற்றி 1972 இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலை இன்றும் சட்ட மாணவர்கள் தேடி வாசிக்கிறார்கள். அடிக்குறிப்புகள் பாடத்தை விட நீளமான நூல் அது. சரித்திரம் படிப்பித்த எனக்கு அது குறையாகத் தோன்றியதில்லை.

இந்தத் துறையில் பெண்ணின் இடத்தை உறுதிப்படுத்தியவர் சாவித்திரி குணசேகர. பேராதனையில் சட்டம் படித்து, அமெரிக்காவின் ஹாவர்ட்டில் முதுமாணிப் பட்டம் பெற்று, கற்பிக்க வந்தார். இலங்கையின் முதற் பெண் சட்டப் பேராசிரியர் அவரே. 1980களில் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1999 முதல் 2002 வரை கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அப்பதவிக்கு வந்த முதற் பெண். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். 2008 இல் ஜப்பானின் புக்குவோக்கா விருது அவருக்குக் கிடைத்தது.

பதவிகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எடுத்துக்கொண்ட பொருள். கம்பனிச் சட்டம், வர்த்தகச் சட்டம் என்று பெருமையும் வருமானமும் தரும் துறைகள் இருக்க, அவர் பெற்றோரும் பிள்ளைகளும் பற்றிய சட்டத்தை எடுத்தார். 1987 இல் வெளிவந்த அவரது நூல் அதைப் பற்றியது. அடுத்து, வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் சிறுவர்களைப் பற்றி எழுதினார். தாபரிப்பு, பராமரிப்பு, சிறுவர் வேலை ஆகியவை அதுவரை "பொம்பிளைகளின் வழக்கு" என்று நீதிமன்றத்தில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவை. ஒரு பேராசிரியர் அவற்றைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தால், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வெளிவரும் ஒவ்வொரு சட்டத்தரணியும் நீதவானும் அதை ஒருமுறையாவது படித்தே வெளியேறுவர். வழக்கு வென்ற சட்டத்தரணிக்கு ஒரு கட்சிக்காரரின் நன்றி கிடைக்கும். பாடத்திட்டத்தை மாற்றியவருக்கு அதுவும் கிடைக்காது.

அவர் முஸ்லிம் தனியார் சட்டம் பற்றியும் எழுதியிருக்கிறார். முஸ்லிம் பெண்கள் ஆய்வுச் செயல் முன்னணி அதை வெளியிட்டது. அதே அமைப்பு 1999 இல் இலங்கை முஸ்லிம் குடும்பச் சட்டம் பற்றி வெளியிட்ட நூலை எழுதியவர் சுலனி கொடிக்கார. இருவரும் கவனத்தோடும் மரியாதையோடும் எழுதியவர்கள். நமக்கு அவர்கள்மீது நன்றி உண்டு. ஆனால் இருவரும் நமது சமூகத்துப் பெண்கள் அல்லர். நமது ஆண் சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்: ஜல்தீனின் நூல் 1990 இல் வந்தது, நீதியரசர் சலீம் மர்சூப் காதி நீதிமன்ற முறைமை பற்றியும் பெண்கள்மீது அதன் தாக்கம் பற்றியும் 2011 இல் எழுதினார். புத்தக அலுமாரியில் வெறுமையாக இருப்பது எந்த இடம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

யார் எழுதினால் என்ன, சட்டம் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஓர் உதாரணம் தருகிறேன். 1951ஆம் ஆண்டுச் சட்டம் "கைக்கூலி" என்ற நமது சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்து அதற்கு வரைவிலக்கணம் தருகிறது. மணமகளின் பாவனைக்காக, விவாகத்துக்கு முன்போ விவாகத்தின்போதோ மணமகனிடம் கொடுக்கப்பட்ட, அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட பணமும் அசையும் ஆதனமும் கைக்கூலியாகும். விவாகம் முறிந்தால் மனைவி அதைக் காதி மூலம் திரும்பப் பெறலாம். பணமும் நகையும் சீதனமாகப் போகும் ஊருக்கு இது போதும். நமதூரில் சீதனத்தின் பெரும்பகுதி எது? வீடு. வீடு அசையாது! ஆகவே வாப்பா வெளிநாட்டில் உழைத்தும் உம்மா நகையை விற்றும் கட்டிய அந்த வீடு, சட்டத்திலுள்ள கைக்கூலி என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை. உறுதி மகள் பெயரில் மட்டும் இருந்தால் அவள் பிழைத்தாள். மாப்பிள்ளையின் பெயரும் சேர்ந்திருந்தால், அது நொத்தாரிசின் உறுதியும் மாவட்ட நீதிமன்றமும் ஆண்டுக்கணக்கும் சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கு. பெண் வீட்டில் வளர்ந்த ஒருத்திக்கு இந்தப் பிரிவை வாசித்த உடனேயே அந்த "அசையும்" என்ற சொல் முள்ளாகக் குத்தும். வாடகை வீட்டில் வளர்ந்த கொழும்புக்காரருக்கு அது குத்த வேண்டிய அவசியமில்லை.

இப்படிப்பட்ட ஒரு கேள்வியை நீதிபதி தானாக எழுப்ப முடியாது. வழக்கு வந்தால்தான் பேசுவார். பாராளுமன்ற உறுப்பினருக்கு வாக்குக் கணக்கு உண்டு. பேராசிரியர் ஒருவருக்கோ அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் தொழில். அயல்நாட்டில் இதற்கு நல்ல சான்று உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த முதற் பெண் லோத்திகா சர்க்கார். மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமிக்குக் காவல் நிலையத்தில் நடந்த கொடுமை தொடர்பான வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979 இல் லோத்திகா சர்க்காரும் உபேந்திர பக்ஷி உட்பட வேறு மூன்று சட்ட ஆசிரியர்களும் பிரதம நீதியரசருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினர். நாலு ஆசிரியர்கள் கையொப்பமிட்ட ஒரு கடிதம், அவ்வளவுதான். பெண்கள் அமைப்புகள் அதைக் கையிலெடுத்தன. 1983 இல் இந்தியக் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது.

நம் நாட்டில் விரிவுரை மண்டபத்திலிருந்து நேராக நீதியாசனத்துக்குப் போனவரும் ஒரு பெண்ணே. கொழும்புச் சட்டபீடத்தின் பீடாதிபதியாக இருந்த ஷிராணி பண்டாரநாயக்க 1996 இல் உயர் நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசரானார். வாதாடிப் பழகாத ஆசிரியரை நியமிக்கலாமா என்று எதிர்ப்புக் கிளம்பி, வழக்கும் தொடுக்கப்பட்டது, அது எடுபடவில்லை. 2011 இல் பிரதம நீதியரசரானதும், 2013 இல் பதவி நீக்கப்பட்டதும், 2015 இல் ஒரு நாள் மட்டும் மீண்டும் பதவியில் அமர்ந்து ஓய்வு பெற்றதும் எல்லோரும் அறிந்த கதை.

இனி, இந்தப் பாதையில் போக விரும்பும் பிள்ளைக்கு வழியைச் சொல்ல வேண்டும். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் சட்டத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டுச் சட்டமாணிப் பட்டம் உண்டு. தொலைக்கல்வியாகத் திறந்த பல்கலைக்கழகத்திலும் உண்டு. கொழும்பில் பாடம் ஆங்கிலத்தில்தான். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான், புத்திக் குறைவால் அல்ல. முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுத்தால்தான் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் குறித்த காலத்துக்குள் முதுமாணியோ கலாநிதியோ முடித்தால்தான் பதவி நிரந்தரமாகும். பெரும்பாலும் அதற்கு வெளிநாடு போகிறார்கள். சம்பளத்தோடு கல்வி விடுமுறையும் உண்டு, திரும்பி வந்து பணியாற்றுவதாகப் பிணைமுறியும் உண்டு. பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற படிகள். ஆய்வுக் கட்டுரை, நூல், கற்பித்தல், நிர்வாகம் என ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டுமானால் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளும் பயிற்சிக் காலமும் வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டம் முடிய இருபத்தைந்து வயதாகும். மேற்படிப்பு முடிய முப்பது தாண்டும். நமதூரில் கலியாணப் பேச்சும், பிள்ளைப்பேறும், வீடு கட்டும் கவலையும் சரியாக இந்த ஆண்டுகளில்தான் வரும். ஆகவே இந்தத் தொழிலுக்குப் பெரிய தடை பாடத்திட்டமல்ல, நாட்காட்டிதான். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. நம்மவர்கள் அதைக் கவனிப்பதில்லை. புகுந்த வீட்டில் வாழும் பெண்ணுக்கு இல்லாத ஒரு வசதி நமக்குண்டு: உம்மா அடுத்த வளவில், சாச்சி எதிர் வளவில். பிள்ளையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார வேறு எந்த ஊரில் இப்படி முடியும்? கொழும்பில் பகல் பராமரிப்பு நிலையத்துக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுக்கும் விரிவுரையாளர்களைக் கேட்டால் தெரியும். இந்தத் தாய் வளவு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதுதான் சிக்கல். அதனால்தான் மட்டக்களப்பில் நிலையம் கொண்ட திறந்த பல்கலைக்கழகம் நம் பெண்களுக்கு முக்கியமாகிறது. நாட்டின் முதற் பெண் சட்டப் பேராசிரியர் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சட்டக் கல்வியை வளர்த்தார் என்பதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

போரின் ஆண்டுகளை இங்கே விரிக்கப் போவதில்லை. 1990 ஆகஸ்ட் 3 இரவுக்குப் பின் எத்தனை வீட்டுப் பெண்கள் ஒரே நாளில் குடும்பத் தலைவிகளானார்கள் என்பது ஊருக்குத் தெரியும். மரணச் சான்றிதழ், நட்டஈட்டு விண்ணப்பம், வாரிசுரிமை, பிள்ளைகளின் பொறுப்பு என அவர்கள் அலைந்த ஒவ்வொரு கந்தோரிலும் சட்டம்தான் மேசையின் மறுபக்கத்தில் இருந்தது. 2004 இல் கடல் வந்தபோது அதே வரிசை மீண்டும் நின்றது. அந்த அலைச்சலை எவரும் ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டிருந்தால், இழப்பும் உரிமையும் பற்றி நாட்டுக்கே பாடமாகும் நூல் ஒன்று கிடைத்திருக்கும்.

முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் மர்சூப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஒன்பது ஆண்டு கழித்து, 2018 இல் அறிக்கை வந்தபோது குழு இரு கூறாகப் பிரிந்து நின்றது. பெண் காதியாகலாமா, விவாக வயது என்ன, மணமகள் கையொப்பமிட வேண்டுமா என்பவற்றிலெல்லாம் கருத்து வேறுபாடு. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் தருகிறது. 16ஆம் உறுப்புரையோ அதற்கு முரணான பழைய சட்டங்களும் தொடர்ந்து செல்லும் என்கிறது. இந்த இரண்டு உறுப்புரைகளுக்கும் நடுவில் நம் பெண்கள் நிற்கிறார்கள். எந்தப் பக்கம் சரி என்று இந்த மலரில் நான் தீர்ப்பெழுத வரவில்லை. நம்மிடையே பல கருத்துகள் உண்டு, இருக்கட்டும். என் மனக்குறை வேறு. இரு தரப்பினரும் நூல்களைப் புரட்டி வாதிட்டபோது, அந்நூல்களில் ஒன்றுகூட இவ்வூர்ப் பெண்ணொருத்தி எழுதியதல்ல.

நமது சங்கத்துக்கு ஒரு யோசனை. நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை உயர்தரக் கலைப்பிரிவுப் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு ஒதுக்கலாம். பேச்சு ஆங்கிலம் மட்டும் போதாது. தீர்ப்பு ஒன்றைக் கையில் எடுத்து வாசித்து விளங்கும் ஆங்கிலம் வேண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் நூலகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆய்வுக்குப் பொருள் தேடி இந்தப் பிள்ளைகள் வெளியே போக வேண்டியதில்லை. சீதன வீட்டின் உறுதி ஐம்பது ஆண்டுகளில் எப்படி மாறியது, யார் பெயரில் எழுதப்பட்டது, தாய்க்குச் சீவிய உரித்து வைக்கப்பட்டதா என்ற ஒரே ஒரு கேள்வி ஒரு கலாநிதிப் பட்டத்துக்குப் போதும். அதற்கு வேண்டிய உறுதிகள் நம் உம்மம்மாமாரின் அலுமாரிகளில், சேலை மடிப்புகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கின்றன.